மியாட்டா பந்தயக் காரை ட்ரெய்லரில் வைத்து இழுக்க எது சரி: ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பும் திறந்த ட்ரெய்லருமா, அதைவிடக் கனமான எஃப்-250ம் மூடிய ட்ரெய்லருமா?

ஐந்தாம்_வளைவு:
கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். கையில் 1999 மாடல் மாஸ்டா மியாட்டா, இரண்டு சீட் சின்னக் கார், மியாட்டாக்கள் மட்டும் ஓடும் ஸ்பெக் மியாட்டா பந்தயத்துக்காகப் பாதுகாப்புக் கூண்டு வைத்துக் கட்டியது, ஓட்டுநர் இல்லாமல் ஏறக்குறைய 2,200 பவுண்டு. இரண்டு வருடமாக நண்பர் ஒருவரின் ட்ரெய்லரில்தான் போய்வந்தேன், அவர் சியாட்டலுக்கு மாறிவிட்டார். இனி சொந்தமாக வாங்க வேண்டும். போகிற பந்தயத் தடங்கள், வருடத்துக்கு நாலைந்து தடவை தண்டர்ஹில், அப்புறம் சோனோமா, லகூனா செக்கா, ஒரு தடவை பட்டன்வில்லோ. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வருவார்கள். ஜூலை மாதம் தண்டர்ஹில் இருக்கும் வில்லோஸ் வெயில் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும், அதனால் அவர்கள் உட்கார ஒரு நிழல் இருந்தால் நல்லது என்பதுதான் மூடிய ட்ரெய்லர் ஆசைக்குக் காரணம்.
பார்த்து வைத்திருப்பது, பழைய எஃப்-150, 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின், நான்கு கதவு. விற்பவர் 10,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும், 24 அடி மூடிய ட்ரெய்லர் எல்லாம் இதற்குத் தூசு என்கிறார். இன்னொரு பக்கம் எல்லோரும் எஃப்-250 இல்லாமல் மூடிய ட்ரெய்லரைத் தொடாதே என்கிறார்கள். எதை நம்புவது?

சேலத்துச்_சக்கரம்:
விற்பவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது உங்களுக்கு உதவாத எண். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும், அதுதான் பேலோடு. ட்ரெய்லரின் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டுகிற ஹிட்ச் மேல் அழுத்துகிற எடையும், அதாவது டங் வெயிட், அந்தக் கணக்கில்தான் வரும். இதை மறந்துவிட்டு இழுவை எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.
கணக்கு போடுவோம். 24 அடி மூடிய ட்ரெய்லர் காலியாகவே 4,000 பவுண்டு என்று வையுங்கள். கார் 2,200. டயர், ஜாக், ஜெனரேட்டர், கருவிப்பெட்டி எல்லாம் 1,000. மொத்தம் 7,200. டங் வெயிட் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், 13 என்று எடுத்தால் 936. எடையைப் பகிர்கிற ஹிட்ச் 90. நீங்கள் நால்வரும் சேர்ந்து 420. ஆக 1,446. நான்கு கதவு எஃப்-150களில் 1,500, 1,600 என்று ஸ்டிக்கர் இருப்பது சகஜம். மிச்சம் இருக்கும் நூற்றுச் சொச்சத்தில் ஐந்து கேலன் பெட்ரோல் கேன் நான்கை வைத்தாலே முடிந்தது. 7,200 பவுண்டு என்பது 10,000க்கு எவ்வளவோ கீழே, ஆனாலும் வண்டி நிறைந்துவிட்டது.
திறந்த ட்ரெய்லர் 2,000, கார் 2,200, ட்ரெய்லரின் முன்பெட்டியில் சாமான் 300. மொத்தம் 4,500, டங் வெயிட் 585. ட்ரெய்லரைக் கோர்க்கிற உருண்டையைத் தாங்கும் சாதாரண பால் மவுன்ட் 30, நீங்கள் நால்வர் 420. 1,035தான் ஆகிறது. அதே எஃப்-150 நிம்மதியாகப் போகும். நிழல் வேண்டுமா, 10க்கு 20 அடி கூடாரம் ஒன்று போதும்.

பழைய_டீசல்:
சேலத்துக்காரர் கணக்கு சரி, முடிவுதான் தவறு. எஃப்-150 தாங்காது என்றால் எஃப்-250 வாங்க வேண்டும், ட்ரெய்லரைச் சுருக்கக் கூடாது. எட்டு வருடம் திறந்த ட்ரெய்லரில் போனவன் நான். மழையில் நனைந்த சீட், வழியெல்லாம் கல் அடித்த கண்ணாடி, ராத்திரி விடுதியில் தூங்காமல் ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தது. பே ஏரியாவில் பந்தயக் கார் ட்ரெய்லரோடு காணாமல் போவது புதிதில்லை. மூடியதில் கார் இருப்பதே வெளியே தெரியாது. கருவிகள் எல்லாம் அதனதன் இடத்தில், கிளம்பும் முன் இரண்டு மணி நேரம் அடுக்கும் வேலை இல்லை. பிள்ளைகள் உள்ளே படுத்துத் தூங்கலாம்.
எஃப்-150ல் மூடியதை இழுத்த அனுபவமும் எனக்கு உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டன்வில்லோவுக்கு நெடுஞ்சாலை 152ல் பச்சேகோ கணவாய் தாண்டி சான் லூயிஸ் நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்குகிறேன், மாலைக் காற்று. பெரிய லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. ஸ்டீயரிங் கையில் லேசாகிவிட்டது, இடது கண்ணாடியில் ட்ரெய்லரின் பின்மூலை தெரிந்தது, அடுத்த நொடி வலது கண்ணாடியில். காலால் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டு, ட்ரெய்லர் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்தினேன், ட்ரெய்லர் பிரேக் மட்டும் பிடித்தது. மூன்று ஆட்டத்தில் நேரானது. கீழே இறங்கி நிறுத்தியபோது என் மனைவி பேசவே இல்லை. அடுத்த மாதம் எஃப்-250 வாங்கினேன்.

சேலத்துச்_சக்கரம்:
நீங்களும் வீட்டாரும் பத்திரமாக வந்தது பெரிய விஷயம். ஆனால் ஒன்று கேட்கிறேன், அன்றைக்குக் கார் ட்ரெய்லருக்குள் எங்கே நின்றது?

பழைய_டீசல்:
நேர்மையாகச் சொல்கிறேன், ஒன்றரை அடி பின்னால். முன்னால் டயர் அடுக்க இடம் விட்டிருந்தேன்.

சேலத்துச்_சக்கரம்:
அப்படியானால் ஆட்டத்துக்கு முதல் காரணம் அதுதான். எடையில் 60 சதவீதம் ட்ரெய்லரின் முன்பாதியில் இருக்க வேண்டும். கார் பின்னால் போனால் மூக்கு லேசாகும், ட்ரெய்லர் ஆட ஆரம்பிக்கும். எஃப்-250 இழுத்தாலும் ஆடும், கனமான வண்டி அதைக் கொஞ்சம் தாமதமாக உணர்த்தும், அவ்வளவுதான். இன்னொன்று, 24 அடி நீளம், ஏழு அடி உயரம், பக்கவாட்டில் 168 சதுர அடி சுவர். அதைக் கணவாய்க் காற்றில் கொண்டு போகிறோம். திறந்த ட்ரெய்லரில் காற்றுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை.

பழைய_டீசல்:
ஏற்றியதில் தப்பு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதன் தப்பு செய்வான் என்பதால்தான் பெரிய வண்டி வேண்டும் என்கிறேன். நீளமான வீல்பேஸ் (முன் பின் சக்கர இடைவெளி), கனமான பின் அச்சு, பெரிய பிரேக். காலை ஐந்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஏற்றும்போது ஒரு அடி முன்னே பின்னே ஆகும், அதைப் பொறுத்துக்கொள்கிற வண்டி எனக்கு வேண்டும்.

ட்ரேசிக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஐந்தாம் வளைவு, வீட்டில் இப்போது என்ன வண்டி இருக்கிறது? என்னிடம் வி6 எஞ்சின் டொயோட்டா ஹைலேண்டர் எஸ்யூவி, இழுவைத் தயாரிப்போடு வந்தது, 5,000 பவுண்டு வரை இழுக்கலாம், ஹைப்ரிட் என்றால் 3,500தான். அலுமினிய ட்ரெய்லர் 1,400, கார் 2,200, சாமான் 400, மொத்தம் 4,000. பிரேக் கன்ட்ரோலர் தனியாகப் போட்டேன். மூன்று சீசன் ஆகிவிட்டது. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் வேகம் 55க்கு மேல் போகக் கூடாது, அதற்கு எதற்கு அவ்வளவு பெரிய எஞ்சின்? வருடத்தில் பத்து நாள் இழுக்க, மீதி 355 நாளும் டிரக்கில் ஆபீஸ் போவதா? அதிலும் இங்கே பிக்கப் என்றாலே வணிக எண்பலகை, எடைக் கட்டணம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை என் அப்பா அடிக்கடி சொல்வார், மியாட்டா வாங்கியவன் எஃப்-250 வாங்குவதைப் பார்க்கும்போது அதுதான் நினைவுக்கு வருகிறது.

சேலத்துச்_சக்கரம்:
தனியாகப் போகிறவருக்கு உங்கள் வழி நல்லது. நால்வர் ஏறினால் ஹைலேண்டரின் பின் சஸ்பென்ஷன் உட்கார்ந்துவிடும், டங் வெயிட்டும் 500க்குள் நிற்க வேண்டும். ஆல்டமான்ட் கணவாய் ஏற்றத்தில் கோடையில் ஏசியோடு ஏறும்போது டிரான்ஸ்மிஷன் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்வண்டி_மாலா:
ரிவியன் ஆர்1டி என்கிற மின் பிக்கப்பை வைத்து இரண்டு வருடமாக இழுக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 11,000 பவுண்டு வரை அனுமதி. இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் சூடாவதே இல்லை. திறந்த ட்ரெய்லரோடு தண்டர்ஹில் போக வழியில் வாகவில் ஊரில் ஒரு தடவை சார்ஜ், பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆகிவிடும். மூடிய ட்ரெய்லர் என்றால் தூரம் பாதியாகும், அதை மறைக்க மாட்டேன்.

பழைய_டீசல்:
மாலா, சார்ஜரில் ட்ரெய்லரைக் கழற்றாமல் நிற்க முடிகிறதா?

மின்வண்டி_மாலா:
பெரும்பாலும் முடியாது. ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன், அதற்குப் பத்து நிமிடம். எனக்கு அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை, ஆனால் கார் ஏற்றிய ட்ரெய்லரைப் பார்க்கிங்கில் விட்டுப் போகும்போது மனசு அடித்துக்கொள்ளும், அது உண்மை.

ஐந்தாம்_வளைவு:
எல்லோருக்கும் நன்றி. மின்வண்டி என் பட்ஜெட்டில் இல்லை, வீட்டில் இருப்பது பழைய கேம்ரி, அதனால் டிரக் வாங்கத்தான் வேண்டும். டீசல் அண்ணா, எஃப்-250 டீசலா பெட்ரோலா? மூடிய ட்ரெய்லருக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா?

பழைய_டீசல்:
என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், உங்களுக்குப் பெட்ரோல்தான். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை, அந்த அளவுக்குப் பேலோடு குறையும். ஃப்ரீமான்ட்டுக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். லைசென்ஸ் பற்றி: சாதாரண சி வகுப்பில் ஏற்றிய மொத்த எடை 10,000 பவுண்டு வரை என்று குறித்த ட்ரெய்லரை இழுக்கலாம். அதனால்தான் பல 24 அடி ட்ரெய்லர்களில் தட்டில் 9,990 என்று அடித்திருப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் நிறுத்த விடுவார்களா என்று குடியிருப்புச் சங்கத்தைக் கேளுங்கள். எங்கள் சங்கம் விடவில்லை, வாடகை இடத்துக்கு மாதம் 240 டாலர் கொடுக்கிறேன்.

ஐந்தாம்_வளைவு:
அதே பிரச்சினை இங்கேயும். திறந்த ட்ரெய்லர் என்றால் பக்கவாட்டுக் கேட் வழியாகக் கொல்லைப்புறம் போய்விடும், டேப் வைத்து அளந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் நாலு அங்குலம் மிச்சம்.
இன்று மாலை அந்த எஃப்-150ஐ நேரில் பார்த்தேன். கதவைத் திறந்து முதலில் ஸ்டிக்கர். 1,412. மேலே முழுக் கண்ணாடிக் கூரை, நாலு சக்கர ஓட்டம், சூடேறும் சீட், எல்லாமும் எடைதான். 24 அடி அந்த நிமிடமே மனசை விட்டுப் போய்விட்டது. சேலத்துக்காரர் போட்ட 1,035ஐக் கழித்தால் 377 மிச்சம், கூடாரமும் ஐஸ் பெட்டியும் பெட்ரோலும் அதில் அடங்கும். டிரக்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.
ட்ரெய்லருக்கு மான்டேகாவில் ஒன்று பார்த்திருக்கிறேன். 18 அடி, இரும்பு, 3,500 பவுண்டு அச்சு இரண்டு, ஓட்டுநர் பக்க ஃபெண்டர் (சக்கர மூடி) கழற்றக்கூடியது, கதவைத் திறந்து இறங்கலாம், ஜன்னல் வழியாக ஏறி இறங்க வேண்டாம். டயரில் பூ, அதாவது தேயாத வரிப்பள்ளம், நிறைய இருக்கிறது. பிரேக் ஒரு அச்சில் மட்டும்.

பழைய_டீசல்:
இரண்டு வருடத்தில் விற்றுவிட்டு மூடியது வாங்குவீர்கள், நான் சொன்னது நினைவிருக்கட்டும். இருந்தாலும் வாழ்த்துகள். டயரில் பூவைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் டாட் எழுத்துகளின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

ஐந்தாம்_வளைவு:
எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 2317.

சேலத்துச்_சக்கரம்:
2017ஆம் வருடம், 23ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதை விட வெயிலில் நின்றே அதிகம் சாகிறது. அந்த டயரோடு நெடுஞ்சாலை 580ல் ஏற வேண்டாம். நாலு புது டயரின் விலையைக் கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள், டயர் போட்ட பிறகு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். சட்டத்துக்கு இரண்டு சக்கரத்தில் பிரேக் இருந்தால் போதும், ஆனால் இரண்டாவது அச்சில் பிரேக் பொருத்தத் தகடு இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள், சக்கரத்துக்குப் பின்னால் நாலு துளையோடு சதுரமாக இருக்கும். இருந்தால் பிரேக் செட்டை நாமே ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம். ட்ரெய்லர் டிரக்கிலிருந்து பிரிந்தால் தானே பிரேக் பிடிக்கிற சுவிட்சின் பேட்டரியையும் சோதியுங்கள், பழைய ட்ரெய்லரில் அது பெரும்பாலும் செத்திருக்கும்.

ட்ரேசிக்காரன்:
மான்டேகா எனக்குப் பதினைந்து நிமிடம்தான். சனிக்கிழமை காலை என்றால் நானும் வருகிறேன், டங் வெயிட் அளக்கிற தராசு என்னிடம் இருக்கிறது.

பழைய_டீசல்:
சனிக்கிழமை நானும் வரலாம். பால் மவுன்ட் வாங்காதீர்கள், என்னிடம் மூன்று உயரத்தில் இருக்கிறது, ட்ரெய்லர் மட்டமாக நிற்பதைப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம்_வளைவு:
ஒன்பது மணிக்கு. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.