கட்டுநாயக்கவில் நான்கு வருடம் ஒன்பது மாதம்

ஹற்றனிலிருந்து 2012 மார்ச்சில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வேலைக்கு வந்தேன். இப்போது கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். இங்கிருந்து வலயத்துக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

எனக்குக் கொலர் தைக்கிற லைன். மணிக்கு இத்தனை என்று டார்கெட். அது பழகிவிடும். ஒரு நாள் லீவு போட்டாலே வருகைக் கொடுப்பனவை வெட்டுவதுதான் பழகவே இல்லை. எங்கள் அப்பாயி செத்த மாதமும் வெட்டினார்கள்.

அவேரிவத்தையில் போர்டிங். ஓர் அறைக்கு நான்கு பேர். அதில் மொனராகலையிலிருந்து வந்த சிங்கள அக்கா ஒருவர். முதல் சம்பளத்தன்று காசை எண்ணிவிட்டுச் சம்பளச் சிட்டையைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அக்கா அதை எடுத்து, முழங்காலில் வைத்து நீவி, "நங்கி, மே கொலே விசி கரண்ட எபா" (தங்கச்சி, இந்தத் தாளை எறியாதே) என்றார். சிட்டையில் தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. நகத்தால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக் காட்டினார். ஈ.பி.எஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாய் வெட்டுவார்கள், கம்பனி 12 போட வேண்டும், ஈ.டி.எஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 அவர்களே போட வேண்டும். ஓவர்டைம் காசு இந்தக் கணக்கில் சேராது.

அக்கா ஏன் இவ்வளவு கவனம் என்பது பிறகுதான் புரிந்தது. 2011 மே மாதம், தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் தங்கள் சேமலாபக் காசில் கை வைக்கும் என்று வலயத்துப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கியபோது அவரும் போயிருக்கிறார். பொலிஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இளைஞன் செத்துப்போனான். அப்புறம்தான் சட்டமூலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்குக் குரல் கம்மிவிடும்.

அன்றிலிருந்து சிட்டைகளைப் பிஸ்கட் டின்னில் சேர்த்தேன். 2016 நவம்பர் கடைசியில் விலகும்போது 57 இருந்தன. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்களுக்கு 50 வயது வரை காத்திருக்காமல் ஈ.பி.எஃப் எடுக்கலாம். அதற்கான கே படிவம் நிரப்பப் போனபோதுதான் தெரிந்தது, ஏழு மாதக் காசு என் கணக்கில் ஏறவே இல்லை. என்னிடம் 8 ரூபாயை மட்டும் மாதா மாதம் ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள்.

வலயத்துக்குள் நாட்டின் தொழில் சட்டம் செல்லாது என்று லைனில் பலர் சொல்வார்கள். நானும் நம்பியிருந்தேன். அது பிழை. 1978இல் வலயம் தொடங்கியபோது முதலீட்டாளர்களுக்குக் கிடைத்தது வரி, சுங்கச் சலுகைகள். ஈ.பி.எஃப் சட்டம் வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படித்தான். காசை வைத்திருப்பது மத்திய வங்கி, கட்டாத கம்பனியைப் பிடிப்பது தொழில் திணைக்களம். நாரஹேன்பிட்டியில் இருக்கும் அந்தத் திணைக்களத்துக்கு டின்னோடு போனேன். அவர்கள் எங்கள் பகுதி லேபர் ஒபிசுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த மிஸ் ஏழு சிட்டைகளையும் தனியே எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினார். பிந்திக் கட்டினால் கம்பனிக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் இருக்கிறதாம். பல தடவை அலைந்தேன். ஆனால் காசு முழுதாக வந்தது.

வராதது பணிக்கொடை. ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் கிடைத்திருக்கும். அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணத் தேதியைச் சித்திரைக்குத் தள்ளி வைத்திருப்பேன். இன்றும் மனசு ஆறவில்லை.

எங்கள் மாடியில் முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று தங்கியிருக்கிறது. தை மாதம் கோட்டையில் 187 பஸ் ஏறி வலயத்துக்குப் போகப்போகிறாள். தமிழில் சம்பளச் சிட்டை கொடுக்கும் தொழிற்சாலை எதையாவது கண்டிருந்தால் சொல்லுங்கள். டின் ஒன்று ஏற்கெனவே கழுவி வைத்திருக்கிறேன்.