பதினோரு ஆண்டு வேலை போய்விட்டது: முதலில் எங்கே போவது?

கேள்வி:
சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனை ஆலையில் பதினோரு ஆண்டுகளாக ஸ்டோர் கிராணியாக (கிடங்கு எழுத்தராக), மாதம் 2,600 ரிங்கிட் சம்பளத்தில் இருந்த நான், ஆட்குறைப்புக்கு ஆளாகியுள்ளேன். நிர்வாகம் ஒரு கடிதத்தில் கையொப்பம் கேட்கிறது. வயது 44. வேறு வேலை கிடைக்கும்வரை குடும்பத்தை எப்படி நடத்துவது?

பதில் 1:
ஐயா, அந்தக் கடிதம் ‘சுயமாக விலகுகிறேன்’ என்று சொல்லுமானால் கையொப்பமிடாதீர்கள். தாமாக விலகியவருக்கு, மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலை காப்புறுதி உதவித்தொகை கிடைப்பதில்லை. ஆட்குறைப்பு என்று எழுத்தில் பெற்றுக்கொண்டு, வேலை இழந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பியுங்கள். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அதாவது உங்களுக்கு ஏறத்தாழ 2,080 ரிங்கிட், அடுத்த மாதம் 50 விழுக்காடு எனக் குறைந்துகொண்டே போகும். ஆறு மாதத்திற்குமேல் நீடிக்காது. வேலை தேடியதற்கான சான்றுகளையும் கேட்பார்கள் என்பதால், அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்தையும் சேமித்து வையுங்கள்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. அதோடு இழப்பீட்டையும் மறக்க வேண்டாம்: ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு 1980ஆம் ஆண்டு பணிநீக்க, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைப்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம், ஆக 220 நாள் சம்பளம். எட்டு வார முன்னறிவிப்பும் உண்டு. தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

பதில் 3:
ஸ்டோர் கணக்குத் தெரிந்தவரை ஈப்போவிலுள்ள கிடங்குகளும் தேடும். தோட்டத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்து நான் நான்கு மாதங்களை வீணாக்கினேன். சீக்கிரம் வேலை கிடைத்தால், எஞ்சிய உதவித்தொகையில் 25 விழுக்காடு மொத்தமாகக் கிடைக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கடிதத்தை நாளை கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுக்கிறேன்.