இங்கிலீஷில் வித் என்றால் ‘கூட’வா, ‘எதிராக’வா?

உப்புவெளி டீச்சர்:
வீட்டிலேயே சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். கொட்டியாரக் குடாவில் அப்பா வாடைக்காற்றோடு சண்டை பிடித்து வள்ளத்தைக் கரை சேர்த்த கதையை ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். ‘ஃபைட் வித் த விண்ட்’ என்ற இடத்தில் சரி போட்டேன். அவள் விடவில்லை. “டீச்சர், வித் எண்டால் கூட எண்டுதானே சொல்லித் தந்தனீங்கள். அப்ப காத்து அப்பாவுக்கு உதவி செய்ததோ?” வங்கிப் படிவத்தில் வரும் வித்ட்ரா, யாரோடு சேர்ந்து காசு எடுப்பது என்றும் கேட்டாள். ‘அது அப்படித்தான்’ என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மூதூரான்:
பழைய ஆங்கிலத்தில் வித் என்றால் ‘எதிராக’ என்பதுதான் முக்கியப் பொருள், டீச்சர். ‘கூட’ என்பதற்கு மிட் என்று வேறு சொல் இருந்தது. ஜெர்மன்காரர் இன்றும் மிட் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு வந்த நூற்றாண்டுகளில் மிட் செய்த வேலையை வித் எடுத்துக்கொள்ள, மிட் வழக்கொழிந்தது. பழைய பொருள் சில சொற்களில் அப்படியே கிடக்கிறது. வித்ஸ்டாண்ட் என்றால் எதிர்த்து நிற்பது. வித்ட்ரா பின்னுக்கு இழுப்பது, வித்ஹோல்ட் கொடுக்காமல் பிடித்து வைப்பது.

கிண்ணியா அக்கா:
மிட் முழுதாக அழியவில்லை தம்பி. நான் பிரசவம் பார்த்து ஓய்வுபெற்ற மருத்துவமாது. மிட்வைஃப் என்பதில் இருப்பது அந்த மிட்தான். வைஃப் என்றால் அந்தக் காலத்தில் பெண். பிள்ளை பெறுகிறவளோடு கூட நிற்கிற பெண் என்று அர்த்தம். இடுப்புவலியில் என் மணிக்கட்டை நகம் பதிய இறுக்கிப் பிடித்த தாய்மார் எத்தனை பேர்! வேலையின் பாதி அந்தக் கூட நிற்பதுதான்.

உப்புவெளி டீச்சர்:
அக்கா, இதைக் கட்டாயம் வகுப்பில் சொல்லுவேன். யோசித்தால் நாங்களும் காற்றோடு சண்டை என்கிறோம், அம்மாவோடு சந்தைக்கு என்கிறோம், இரண்டுக்கும் ஒரே ‘ஓடு’தானே. கத்தியால் வெட்டு என்னும்போது ‘ஆல்’ வருகிறது, இங்கிலீஷில் அதுவும் வித். நன்னூலும் ஆல், ஓடு இரண்டையும் மூன்றாம் வேற்றுமையில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அவள் அடுத்ததாக, ‘இல்லாமல்’ என்ற பொருளில் வரும் வித்தவுட்டைக் கேட்பாள்.

மூதூரான்:
அதற்குப் பழைய பொருள் ‘வெளியே’. ‘உள்ளே’ என்ற வித்தின் அதன் சோடி. திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெட்றிக் கோட்டை வாசலில் நிறுத்திக் காட்டுங்கோ. மதிலுக்கு உள்ளே வித்தின், வெளியே வித்தவுட்.