பொருள்: இழையை நிறுத்துவதா, நிற்கக் கோருவதா?

வந்தாறுமூலையிலிருந்து:

வணக்கம். ஒரே நிரலுக்குள் பல வேலையோட்டங்கள், அதாவது இழைகள், சேர்ந்து ஓடும் பல்லிழை நிரலாக்கம் பற்றிய பாடக்குறிப்பில் ஜாவாவின் 'த்ரெட்.ஸ்டாப்'புக்கும் 'இன்டரப்ட்'டுக்கும் 'இழை நிறுத்தம்' என்றே எழுதியிருக்கிறோம். முதலாவது, இழை எந்த வரியில் இருந்தாலும் அங்கேயே முடித்துவிடும். பொதுத் தரவை ஒரு நேரத்தில் ஒரு இழையே தொடும்படி அது பிடித்திருந்த பூட்டுகள் திறந்துகொள்ளும். பாதி மாற்றிய தரவு மற்ற இழைகளின் கையில் போய்ச் சேரும். ஒரு கணக்கில் கழித்தாயிற்று, மற்றதில் கூட்டவில்லை, பிழைச்செய்தியும் வராது. 1998இல் ஜாவா 1.2 வந்தபோதே இதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். ஜாவா 20இல் அழைத்தால் விதிவிலக்குத்தான் எறியும். இதை 'இழையறுப்பு' எனலாமா?

மருதமுனையிலிருந்து:

நல்ல சொல் சேர். ஓடுகிற தறியில் பாவு நூலை அறுத்தால் துணிதான் கெடும் என்று எங்கட ஊரில் விளக்கத் தேவையில்லை.

ஆனால் 'இன்டரப்ட்'டுக்கு 'நிறுத்தம்' பொருந்தாது. நிறுத்துதல் பிறவினை. இங்கே ஒரு இழை கொடியை, அதாவது 'நில்' என்ற குறிப்பை வைக்கும் மாறியை, உயர்த்துகிறது, அடுத்தது அதைப் பார்த்துத் தானே நிற்கிறது. ஆகவே இரண்டு சொல் வேண்டும்: 'நிற்கக்கோரல்', 'நிற்றல்'. கோரியதும் நின்றுவிட்டது என்று நினைத்து வளங்களை விடுவிப்பதுதான் வழமையான பிழை; இழை முடியும்வரை காக்கும் 'ஜொயின்' அழைப்பு திரும்பும்வரை பொறுக்க வேண்டும். சி++இல் கொடி வெறும் 'பூல்' (உண்மை/பொய் மாறி) ஆக இருந்தால் தொகுப்பி அந்தச் சோதனையைச் சுற்றுக்கு வெளியே தூக்கிவிடலாம். இழைகள் பாதுகாப்பாகப் பகிரும் 'அட்டொமிக்' வகை கட்டாயம்.

வந்தாறுமூலையிலிருந்து:

'நிற்கக்கோரல்' சரி. வெற்று வரிசையில் வேலை வரும்வரை காத்துக்கிடக்கும் இழை கொடியைப் பார்ப்பது எப்போது? கோரலோடு எழுப்பலும் வேண்டும். ஜாவாவின் 'ஸ்லீப்', 'வெயிட்' இரண்டிலிருந்தும் 'இன்டரப்ட்' எழுப்பிவிடும். ஆனால் விதிவிலக்கு எறியும்போதே கொடி இறங்கிவிடும். அதைப் பிடித்துச் சும்மா விட்டால் இழை நிற்கவே நிற்காது. கொடியை மறுபடி உயர்த்த வேண்டும். 'குறுக்கீடு' என்ற சொல்லை இதற்கு எடுக்காதீர்கள், அது வன்பொருளுக்குப் போய்விட்டது.

மருதமுனையிலிருந்து:

சரி. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களின் பொசிக்ஸ் தர இழைகளுக்கு இன்னொரு சொல்லும் தேவை: 'நிற்குமிடம்', கோரலைக் கவனித்து இழை முடியும் இடம். 'பீத்ரெட்_கான்சல்' அனுப்பும் கோரல் இயல்பாக இழை அந்த இடத்துக்கு வரும்வரை பொறுக்கும். 'ரீட்', 'ஸ்லீப்' நிற்குமிடங்கள். பூட்டைப் பிடிக்கும் 'மியூட்டெக்ஸ் லொக்' அல்ல. பூட்டை விட்டு ஒரு நிபந்தனைக்குக் காத்திருக்கும் 'கொண்ட்_வெயிட்' நிற்குமிடம்தான், ஆனால் அங்கே முடியும் இழை பூட்டை மறுபடி பிடித்துக்கொண்டுதான் முடியும். இழை முடியுமுன் ஓடும் 'கிளீனப்' செயற்கூற்றில் அதைத் திறக்காவிட்டால் அந்தப் பூட்டுக்குக் காத்திருக்கும் மற்ற எல்லா இழையும் உறைந்துவிடும். இந்தக் 'கிளீனப்'புக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'துப்புரவு' என்றால் மாநகரசபை ஞாபகம் வருகிறது. வேறு இருந்தால் சொல்லுங்க சேர்.