வீனிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

வெண்டிலேட்டர் என்னும் சுவாசக் கருவியில் இருக்கும் நோயாளியை மறுபடி தானாக மூச்சு விடவைப்பதை 'வீனிங்' என்கிறோம். அதற்கு 'சுவாசக் கருவி நீக்கம்' என்று ஐயா பரிந்துரைத்திருந்த மடலை இரவுப் பணி முடிந்து வந்து இன்று காலையில்தான் படித்தேன். அந்தச் சொல்லை இப்போதைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அந்தச் சொல் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று கண்ணால் பார்த்தவள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நான் வேலை பார்த்த மருத்துவமனையில் லாரி ஓட்டுநர் ஒருவர் சேர்க்கப்பட்டார். ஐம்பது வயது இருக்கும். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. ஒன்பது நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். பத்தாம் நாள் காலையில் காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் 40 விழுக்காடு வைத்தாலே போதும் என்ற அளவுக்குத் தேறிவிட்டார். கையை அழுத்துங்க என்றால் அழுத்தினார். எங்களுக்கெல்லாம் அவ்வளவு மகிழ்ச்சி. பணியில் இருந்த இளம் மருத்துவர் வெளியே போய் அவர் மனைவியிடம், "இன்னைக்கு மெஷினை எடுக்கப் போறோம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அரை மணி நேரத்தில் வெளியே அழுகைச் சத்தம். ஊருக்குப் போன் போய், வேனில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அவருடைய தம்பி என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: "உடம்பை எத்தனை மணிக்குக் குடுப்பீங்க?" உள்ளே அவருடைய அண்ணன் கண்ணைத் திறந்து படுத்திருந்தார்.

அந்த மருத்துவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நம் ஊரில் 'மெஷினை எடுக்கிறோம்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கை விரித்துவிட்டார்கள் என்று. அந்த அர்த்தம் ஏற்கெனவே ஊன்றிப்போன இடத்தில் 'நீக்கம்', 'விலக்கம்' என்று எதைக் கொண்டுபோய் வைத்தாலும் கேட்பவர் காதில் அப்படித்தான் விழும். அதோடு, உயிர்காக்கும் சிகிச்சையை உண்மையிலேயே நிறுத்துவதற்கும் நமக்குச் சொல் வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் அதற்கான நடைமுறையை வகுத்துத் தந்த பிறகு அது கையெழுத்துப் போடும் தாளில் வரும் சொல்லாகிவிட்டது. 'விலக்கல்' என்பதை அதற்கென்றே ஒதுக்கி வைக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல் இருக்கவே கூடாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீனிங் வேறு, குழாயை எடுப்பது வேறு. நாள்பட்ட நோயாளிகளுக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருப்போம். அவர்கள் கருவியின் துணையே இல்லாமல் இரவு பகலாக மூச்சு விடுவார்கள், குழாய் அப்படியே இருக்கும். வீனிங் முடிந்துவிட்டது, எதையும் நீக்கவில்லை. அப்போது 'நீக்கம்' என்று எப்படி எழுதுவது?

'படிப்படி விடுப்பு' என்று மருத்துவ நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செய்யும் முறையே இப்போது அப்படி இல்லை. கருவி தரும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவதா, நாளுக்கு ஒருமுறை நோயாளியைத் தானாக மூச்சு விடவைத்துப் பார்ப்பதா என்று ஸ்பெயினில் எஸ்டெபான் குழுவினர் ஒப்பிட்டு 1995-இல் வெளியிட்டார்கள். ஒருமுறை விட்டுப் பார்ப்பதுதான் நோயாளியைச் சீக்கிரம் விடுவித்தது. இன்று பெரும்பாலான இடங்களில் காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, ஆள் விழித்ததும், டி-பீஸில் (கருவியின் அழுத்தம் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் தரும் குழாய் இணைப்பு) போட்டோ மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்தோ 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை பார்க்கிறோம். படிப்படி என்பதைச் சொல்லுக்குள் கட்டிவிட்டால், முறை மாறும்போது சொல் பொய்யாகிவிடும்.

அந்த முப்பது நிமிடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். சொல் அங்கிருந்துதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டில் தலைமாட்டை உயர்த்தி வைப்போம். சளியை உறிஞ்சி எடுப்போம். அப்புறம் நான் மானிட்டரைப் பார்க்க மாட்டேன், கழுத்தைத்தான் பார்ப்பேன். கழுத்து நரம்பு புடைத்து, தோள் ஏறி இறங்கினால் அவர் திணறுகிறார். வயிற்றில் கை வைத்தால், நெஞ்சு மேலே வரும்போது வயிறும் மேலே வர வேண்டும். வயிறு உள்ளே போனால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் களைத்துவிட்டது. எண்ணிக்கையும் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதை ஒரு மூச்சின் அளவால், லிட்டர் கணக்கில், வகுக்க வேண்டும். 105-க்கு மேல் போனால் தாங்க மாட்டார் என்று யாங்கும் டோபினும் 1991-இல் கண்டார்கள். 24 மூச்சு, ஒவ்வொன்றும் 400 மில்லி லிட்டர் என்றால் 60. நல்லது. 38 மூச்சு, 250 மில்லி லிட்டர் என்றால் 152. வேகவேகமாக மேல்மூச்சு வாங்குகிறார், திரும்பவும் கருவியில் போட்டுவிடுவோம், நாளைக்குப் பார்க்கலாம்.

இதில் யார் வேலை செய்கிறார்? நோயாளி. சும்மா கிடக்கும் உதரவிதானம் எவ்வளவு சீக்கிரம் மெலிந்துபோகும் என்பதற்கு 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணி நேரம் முழுக்கக் கருவி மூச்சில் இருந்தவர்களின் தசையிழைகள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. அப்படிச் சோர்ந்த தசையை வைத்துக்கொண்டுதான் ஒருவர் மறுபடி மூச்சு விடப் பார்க்கிறார். கருவியில் இருக்கும் மொத்தக் காலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு இதற்கே போகிறது.

ஆங்கிலச் சொல் தாய்ப்பாலை நிறுத்துவதிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நம்மிடமும் 'பால் மறக்கடித்தல்' என்ற அருமையான சொல் இருக்கிறது. என் பாட்டி வேப்பெண்ணெய் தடவி மறக்கடித்த கதை எங்கள் வீட்டில் இன்றும் ஓடும். அதனால் 'கருவி மறக்கடித்தல்' என்று முதலில் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 'மறக்கடித்தல்' என்றதும் குடியை மறக்கடிப்பதும் நினைவுக்கு வருகிறது. 'எங்க அப்பா என்ன மெஷினுக்கு அடிமையா?' என்று ஒரு மகள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எங்கள் பிரிவில் ஆயா முதல் மருத்துவர் வரை எல்லோரும் சொல்வது, 'சொந்தமா மூச்சு விடுறாரு' என்பதுதான். அதைக் கொண்டு 'தன்மூச்சு' என்று ஓர் அடிச்சொல் அமைத்துக்கொள்ளலாமா? அதன்மேல் 'தன்மூச்சு மீட்பு', 'தன்மூச்சுக்குத் திரும்பல்', 'தன்மூச்சுப் பழக்கல்' என்று மூன்று வைக்கிறேன். முதலாவது, நின்றுபோன மூச்சைத் திருப்புவதோடு குழம்பும். மூன்றாவதன் பக்கம் என் மனம் சாய்கிறது. ஐயா என்ன சொல்கிறீர்கள் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

*

பிள்ளைக்கு வணக்கம்.

உங்கள் மடலை இரண்டு தரம் வாசித்தேன். அந்தத் தம்பி கேட்ட கேள்வியைப் படித்த பிறகு என் சொல்லுக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

'பழக்கல்' எனக்கும் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் இலக்கணம். 'பழகு' தன்வினை, 'பழக்கு' பிறவினை. நோயாளி தன்மூச்சுக்குப் பழகுகிறார், நீங்கள் பழக்குகிறீர்கள். ஒரே வேர் இரண்டு பேருடைய பங்கையும் சொல்லிவிடுகிறது. 'நீக்கு', 'விலக்கு' என்றால் நோயாளிக்கு வினையே இல்லாமற் போகிறது. அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். எங்கள் ஊரில் இளம் நாம்பனை, அதாவது காளையை, வண்டிலுக்குப் பழக்கும்போது முதல் நாள் பாரம் ஏற்ற மாட்டார்கள். வெறும் வண்டிலைக் கொஞ்சத் தூரம் இழுக்க விட்டு, நுரை தள்ளினால் அவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் திரும்பவும் பூட்டுவார்கள். நீங்கள் சொன்ன முப்பது நிமிடம் எனக்கு அதைத்தான் நினைவூட்டியது.

1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் வைத்தியர், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் படிப்பித்தவர். அதற்கு வேண்டிய சொற்களை ஊர் வழக்கிலும் பழைய வைத்திய நூல்களிலும் தேடித்தான் முதலில் எடுத்தார்கள். நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு அந்த மரபிலும் இடம் உண்டு.

இரண்டு ஐயங்கள் மட்டும். ஒன்று, 'மூச்சுப் பழக்கம்' என்றால் யோகாசனக்காரர்கள் சொல்வதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா? மற்றது, 2007-இல் வெளிவந்த பன்னாட்டு அறிக்கை வீனிங்கை எளியது, கடினமானது, நீண்டது என்று மூன்றாக வகுக்கிறதாமே. உங்கள் சொல் அந்த அடைமொழிகளைத் தாங்குமா என்று பாருங்கள்.

*

ஐயா, மிக்க நன்றி. தன்வினை பிறவினை எனக்குத் தோன்றவே இல்லை. இனி அது இல்லாமல் இந்தச் சொல்லை என்னால் நினைக்க முடியாது.

யோகா ஐயம் சரிதான். 'மூச்சுப் பழக்கல்' என்று குறைத்தால் குழப்பம் வரும். அதனால் 'தன்' என்பதை விடவே கூடாது. அடைகளை எழுதிப் பார்த்தேன். முதல் முயற்சியிலேயே தேறிவிட்டால் எளிய தன்மூச்சுப் பழக்கல். மூன்று முயற்சி வரை, அல்லது முதல் முயற்சியிலிருந்து ஏழு நாள் வரை ஆனால் கடினப் பழக்கல். அதற்கும் மேலே போனால் நீண்ட பழக்கல். தாங்குகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுப் பையால் காற்று செலுத்தும் வழியைக் கொண்டுவந்தார். கருவிகள் போதாமல் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாகக் கையால் பையை அழுத்தினார்கள். இன்று நாங்கள் கையால் அழுத்திக் காற்று செலுத்தும் ஆம்பு பையைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், நோயாளி தானாக ஒரு மூச்சு எடுக்கும்போது பை நம் கையில் லேசாக இழுபடும். அந்த இழுப்பு தெரிந்ததும் நாம் அழுத்துவதை அதற்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வோம், அவர் எடுக்கட்டும் என்று காத்திருப்போம். 'பழக்கல்' என்று சொல்லும்போது எனக்குக் கையில் அதுதான் தெரிகிறது.

செவ்வாய்க்கிழமை இந்தச் சொல்லை வெளியே சொல்லிப் பார்த்தேன். ஆறாவது கட்டிலில் இருப்பவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய், 12 நாளாக வெண்டிலேட்டர். அவர் மனைவியிடம், "நாளைக்குக் காலையில இருந்து அவரைச் சொந்த மூச்சுக்குப் பழக்கப் போறோம்மா. முதல் நாளே முடியலைன்னா பயப்படாதீங்க, மறுநாள் பார்ப்போம்" என்றேன். அந்தம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எத்தனை நாள்ல பழகுவாரு?" என்று கேட்டார்.

அடுத்து அந்த முப்பது நிமிடச் சோதனைக்குச் சொல் வேண்டும். 'சோதனை' என்றாலே 'எனக்கு ஏன் இந்தச் சோதனை' என்பது காதில் விழுகிறது. 'தன்மூச்சு ஒத்திகை' என்று வைக்கலாம், ஆனால் தேறினார், தேறவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டியிருக்கிறது. ஒத்திகையில் தேறவில்லை என்று எழுத முடியுமா? குழுவினர் சொல்லுங்கள். நாளை எனக்குப் பகல் பணி, மாலையில் வந்து படிக்கிறேன்.