ஹுர்ரெம் சுல்தான் நாவலில் ஆரம்பிக்கலாமா?

நூலகப்பூனை:
ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரெமை உக்ரைனில் ரொக்சொலானா என்கிறார்கள். அங்கே பாவ்லோ ஸாஹ்ரெபெல்னி என்பவர் 1980லேயே அவரைப் பற்றி நாவல் எழுதியிருக்கிறாராம். ஆள் எப்படி? அதிலேயே ஆரம்பிக்கலாமா?

பழைய கீவ் மாணவன்:
வேண்டாங்க. எண்பதுகளில் அங்கே படித்தபோது ருஷ்ய மொழிபெயர்ப்பில் வாசித்தேன். அரண்மனைச் சூழ்ச்சியை எதிர்பார்த்துப் போனால், வரலாற்று விவரம் மூச்சு முட்ட வைக்கும்.

முதலில் அவருடைய 'திவோ' (1968) நாவலைப் படியுங்கள். கீவ் சோபியா பேராலயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம். இளவரசர் யாரோஸ்லாவ் பெயர் நிலைத்துவிட்டது. கட்டியவன் பெயர் எங்கேயும் இல்லை. அந்த இடத்தில் சிவோஓக் என்று ஒருவனைப் படைக்கிறார். மண்ணால் பழைய தெய்வங்களைச் செய்யும் ஒரு கிழவர் வளர்த்த பையன். பல்கேரியா, கான்ஸ்டான்டிநோபிள் எல்லாம் அலைந்து திரும்பி வந்து ஆலயத்தை எழுப்புகிறான். நடுநடுவே கதை 1941க்குத் தாவும்: ஜெர்மானியர் பிடித்த கீவில் அதே ஆலயத்தின் சுவரோவியங்களைக் காக்கப் போராடும் ஒரு பேராசிரியர். பிறகு அறுபதுகள், அவருடைய மகன். எனக்கு நடுப்பகுதிதான் உசத்தி. ஆசிரியரே 1942ல் பிடிபட்டு 1945 வரை நாஜி முகாம்களில் கிடந்தவர். 1924ல் பொல்தாவா வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். பிடிபடும்போது பதினெட்டு வயதுதான் இருக்கும்.

சந்தேகி:
எல்லாம் சரி. 1979 முதல் 86 வரை உக்ரைன் எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்தவர், அரசுக்கு வேண்டியவர். 'திவோ' வந்த அதே 1968ல் வெளியான, ரோமன் இவானிச்சுக் என்ற இன்னொரு உக்ரைன் எழுத்தாளரின் 'மால்வி' நாவலை நூலகங்களிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இவருக்கோ 1974ல் அரசின் ஷெவ்சென்கோ இலக்கியப் பரிசு!

பழைய கீவ் மாணவன்:
கலகக்காரர் என்று நானும் சொல்லவில்லையே. ஆனால் 'நான், பொக்தான்' (1983) படித்துவிட்டுப் பேசுங்கள். 1654ல் மாஸ்கோவோடு உடன்படிக்கை செய்தவர் என்று சோவியத் அரசு தலையில் தூக்கி வைத்த ஹெத்மான், அதாவது கொசாக் படைத்தலைவர், பொக்தான் ஹ்மெல்னித்ஸ்கி. அவரையே செத்த பிறகு தன் கதையைச் சொல்ல வைக்கிறார். பேசுவது சிலை இல்லை. களைத்துப் போன, கர்வம் பிடித்த ஒரு மனுஷன். சில இடங்களில் புலம்பல் நீளும், நானே பக்கம் தள்ளியிருக்கிறேன். பதவியில் இருந்துகொண்டு இதை எழுதினார் என்பதுதான் எனக்கு சுவாரசியம்.

நூலகப்பூனை:
அப்போ 'திவோ'. 'மால்வி' எதைப் பற்றி?

சந்தேகி:
கிரீமியக் கான்களின் அரசும், ஒட்டோமான் சுல்தானின் ஜானிசரிப் படைவீரர்களும். உங்கள் ரொக்சொலானா ஆர்வத்துக்கு அதுதான் கிட்டத்தில் வரும்.