புதுப்பிப்பு: விபத்து அறிக்கை படிப்பதை விட்டாச்சா?
அம்பாசமுத்திரத்தில் வீட்டிலிருந்தே வேலை, ஆபீஸ் ஏக்கம், ராத்திரியெல்லாம் விமான விபத்து அறிக்கை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். விட்டாச்சா என்று கேட்டிருந்தீர்கள். எங்கே விட!

நேற்று கனடா, 1983. கிலோவுக்குப் பதில் பவுண்டுக் கணக்கில் எரிபொருளை அளந்ததால் 41,000 அடி உயரத்தில் தீர்ந்துபோன போயிங் 767. எஞ்சினே இல்லாமல் மிதந்து வந்து கிம்லியின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள். ஆபீஸ் டீக்கடையில் இதை அரை மணி நேரம் ஓட்டியிருப்பேன்.

ஆச்சியிடம் சொன்னேன். முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே, "பெரிய படியா, சின்னப் படியான்னு கேக்காமலால அளந்தானுவ?" என்றாள். விசாரணை அறிக்கையே தோற்றது, போங்கள்.

அப்புறம், வாரம் இரண்டு நாள் பாளையங்கோட்டையில் நண்பன் அலுவலகத்தில் ஒரு மேசை கிடைத்திருக்கிறது. டீக்கு ஆளும் ரெடி. திங்கட்கிழமை 1977 டெனெரிஃப் விபத்திலிருந்து, அதாவது ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்கள் மோதிக்கொண்ட கதையிலிருந்து, ஆரம்பிக்கிறேன்.